மோட்டார் கூப்பிடுகிறது

என்னைத் தவறாமல் போனில் கூப்பிடுவது என் கிணற்று மோட்டார் ஒன்றுதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை பேசுவான்.

“சாப்ட்டியாப்பா?”

“ஆச்சு.”

“மாத்திர?”

“போட்டாச்சு.”

“கரண்டு வருதா?”

“வருது, போவுது.”

அவ்வளவுதான். அவனும் என்னை மாதிரி, பேச்சில் கம்மி. எனக்காவது கோபம் வந்தால் வாய் திறக்கும். அவனுக்கு அதுவும் கிடையாது, அவன் அம்மா மாதிரி.

கச்சிராயபாளையத்தில் வீடு. வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி ஒன்றரை ஏக்கர் நிலம். அணைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எங்கள் மேட்டுக்கு ஏறாது, கிணற்றை நம்பித்தான் கரும்பு. மூணு பேஸ் கரண்டு எப்போது வரும் என்று கரண்டு ஆபீசுக்கே தெரியாத ஊரில், அதற்காகக் காத்துக்கொண்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தே என் பாதி ஆயுள் கழிந்தது. மீதிப் பாதி பஸ் ஓட்டிக் கழிந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வண்டி. “நம்ம வண்டிக்கு ரெண்டு ஹாரன், ஒண்ணு ஸ்டீரிங்ல கீது, இன்னொண்ணு சீட்டுல குந்தினுகீது” என்று என் கண்டக்டர் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோபக்காரன் என்ற பெயர் எனக்கு மலையடிவாரத்திலிருந்து மலை உச்சிவரை உண்டு.

வயதான காலத்தில் வரப்பில் அலைய வேண்டாம் என்று போன வருஷம் மகன் ஒரு பெட்டி வாங்கி ஸ்டார்ட்டரோடு மாட்டிவிட்டான். அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. கரண்டு வந்தால் பெட்டி எனக்குப் போன் செய்யும். நான் வீட்டிலிருந்தே பட்டன் போனில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை பிடித்தால் நிற்கும். பெட்டியின் போனை எடுத்தால் ஒரு பெண் குரல் பேசும். “வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது.” ரேடியோவில் சேதி வாசிப்பது போல நிறுத்தி நிதானமாகச் சொல்லும். முதல் ஒரு வாரம் கேட்டேன். அப்புறம் எதற்கு? திரையில் ‘மோட்டார்’ என்று வந்தாலே கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். சிவப்புப் பொத்தானை அழுத்தி வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்தப் பெட்டியால் நான் பட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த மே மாதம் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு மாதம் என்னோடு இருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், லீவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பேரனுக்குப் பத்து வயது, பேத்திக்கு ஆறு. வந்து இறங்கிய அன்றே வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார்கள். மகன் வாங்கி வைத்து நான் தொடாமல் இருந்த கரண்ட் அடுப்பில் பேரன் முட்டை பொரித்தான். தண்ணீர் வடிகட்டும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன, பச்சை எரிந்தால் என்ன என்று பேத்தி எனக்குப் பாடம் எடுத்தாள். டிவி ரிமோட்டில் ஒரு மைக் பொத்தான் இருப்பதே அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

“தாத்தா, இத்த அமுக்கிக்கினு இன்னா வேணுமோ சொல்லு, அதுவே போடும்.”

நான் மலைப்பாதை வளைவில் எதிர்வண்டிக்காரனிடம் கத்துகிற குரலில் “சேதி போடு” என்றேன். டிவி புடவைக் கடை விளம்பரமாகக் காட்டியது. பேத்தி சிரித்துத் தரையில் உருண்டாள். “சேதி இல்ல தாத்தா, செய்தின்னு சொல்லணும்” என்றான் பேரன். நான் “செய்தி” என்றேன். அது வேறு எதையோ போட்டது. கடைசியில் அவன் சொன்னால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் அவனிடம் சொல்வேன், அவன் டிவியிடம் சொல்வான். என் வீட்டு டிவிக்கும் எனக்கும் நடுவில் துபாஷி.

எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது மோட்டார் பெட்டிதான். அது கூப்பிட்டால் என்னை எடுக்க வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மூச்சுவிடாமல் கேட்பார்கள். அந்தக் குரலுக்கு ‘மோட்டார் அக்கா’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பேத்திக்கு இரண்டே நாளில் அந்தக் குரல் அச்சாக வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் முதுகை நிமிர்த்திக்கொண்டு, “வணக்கம். சாம்பார் வந்துவிட்டது. அப்பளம் தீர்ந்துவிட்டது” என்பாள். நான் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவள் என் தலையில் தட்டுவாள். அந்த வீட்டில் நான் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதுவும் அவர்கள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் இருவரையும் வெள்ளிமலைக்குக் கூட்டிப் போனேன். நான் ஓட்டிய அதே தடம், வேறு டிரைவர். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “இப்ப லெப்ட்ல ஒடிப்பான் பாரு, இப்ப கியர மாத்துவான் பாரு” என்று சொல்லிக்கொண்டே போனேன். டிரைவர் பையன் ஒரு கட்டத்தில் திரும்பி, “பெருசு, நீங்களே வந்து ஓட்டுங்களேன்” என்றான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேலே சந்தையில் மலைக்காரப் பெண்மணி ஒருத்தியிடம் மாங்காய் வாங்கினோம். பேத்தி அதைக் கடித்ததில் முன் பல் ஆட ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய் அழுதாள்.

“அழுவாத. இந்தப் பல்லு வுழுந்தா, சாணில உருட்டிக் கூர மேல போடணும். அப்பத்தான் புதுப் பல்லு நேரா மொளைக்கும்.”

“எங்க வூட்டுல கூரையே இல்லயே தாத்தா. மேல இன்னொரு வூடுதான் கீது.”

“அப்ப வுழுந்த ஒடனே எனக்குப் போன் பண்ணு. பல்ல பத்திரமா வச்சிரு. நீ வரும்போது நம்ம வூட்டு மேல போட்டுக்கலாம். சாணிக்கு நான் பொறுப்பு.”

“மொதல்ல உனக்குத்தான் பண்ணுவேன்” என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இறங்கும்போது என் மடியிலேயே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போனது. நான் அசையவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் கள்ளக்குறிச்சிக்கு உரம் வாங்கப் போனேன். பேரன் கேட்டதால் போனை அவனிடமே விட்டுப் போனேன். அவர்கள் வீட்டில் மருமகளின் பழைய போன் ஒன்று பிள்ளைகளுக்கென்று இருக்கிறது. அந்த நம்பரை என் போனில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான். திரும்பி வந்தால் வாசலிலேயே தெரிந்துவிட்டது, பிள்ளைகள் முகமே சரியில்லை. மோட்டார் அக்காவோடு விளையாடியிருக்கிறார்கள். ஓடு, நில், ஓடு, நில். மே மாதத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்? தண்ணீர் வற்றினால் தானாக நிற்க வேண்டிய மோட்டார் நிற்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் காயில் கருகி, கொட்டகை முழுக்க நாற்றம்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. வாடுகிற கரும்பு ஒரு பக்கம், அலைந்து வந்த வெயில் ஒரு பக்கம் என்று இப்போது சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் என் கோபத்துக்கு என்றைக்குமே காரணம் வேண்டியிருந்ததில்லை.

“இது வெளாட்டு சாமானா? இன்னா திமிரு! இனிமே இந்த வூட்டுப் பக்கமே வராதீங்க ரெண்டு பேரும்!”

பேரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பேத்தி அழக்கூட இல்லை. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றும் என்னை விடவில்லை.

ஒரு மணி நேரத்தில் என் கோபம் தணிந்துவிட்டது. அதுவும் என் வழக்கம்தான். ஆனால் இறங்கிப் போய்ப் பேச வாய் வரவில்லை. ராத்திரி சாப்பாட்டில், “ஒங்கப்பங்கிட்ட இத்தச் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல வேணாம்” என்று மட்டும் சொன்னேன். அதைச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் மகன் வந்து கூட்டிப் போனபோது நான் பின்பக்கம் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிய மண்வெட்டியையே திரும்பவும். போய்ட்டு வரேன் என்ற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கார் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

அவர்கள் போன பிறகு போனில் பெயர் வரிசையைப் பார்த்தேன். மகன் பெயர், மருமகள் பெயர், கரண்டு ஆபீஸ், மோட்டார். பிள்ளைகளின் நம்பர் இல்லை. கோபத்தில் ஏற்றாமலே போய்விட்டான் என்று புரிந்துகொண்டேன். மகனைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால், ஏன் இல்லை என்று கேட்பான். அப்புறம் மோட்டார் கதை வெளியே வரும். அதைவிட, ஒரு பத்து வயதுப் பையன் எனக்குத் தராத நம்பரை நான் எதற்குத் தேடிப் போய் வாங்க வேண்டும் என்ற வீம்பு. அறுபத்தாறு வயதில் அந்த வீம்பு எனக்கு இருந்தது.

காயில் கட்டி மோட்டாரை இறக்கினோம். பள்ளிக்கூடம் திறந்தார்கள். அப்போதிருந்து பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணியானால் கூப்பிடும். ‘மோட்டார்’ என்று வரும். நான் வழக்கம்போல வாயை அடைத்துவிட்டு, இரண்டாம் எண்ணைப் பிடிப்பேன். “மும்முனை மின்சாரம் இல்லை” என்று பதில் வரும். இல்லாத கரண்டை வந்துவிட்டது என்று ஏன் கூப்பிடுகிறாய்? ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும் ஆறு மணிக்கு இதே பொய். இரண்டு மூன்று தடவை நம்பி வயல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். காயில் கருகியபோது பெட்டிக்குள்ளும் ஏதோ கருகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். “மூடு வாய!” என்று அதை வைதுகொண்டே சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். பேச்சுத் துணை இல்லாத வீட்டில் வைவதற்காவது அது இருந்தது.

ஆடி மாதம் வந்ததும் தினமும் கூப்பிட்டது வாரத்துக்கு இரண்டு தடவையாக ஆனது. ஆவணியில் ஒரு தடவை. பெட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. டிவியில் ரிமோட்டை அழுத்திச் “சேதி” என்பேன். புடவை வரும். துபாஷி இல்லாமல் அணைத்துவிடுவேன். ஒரு ஆளுக்கு முக்கால் டம்ளர் அரிசி. தண்ணீர் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எதற்கு என்று பேத்தி சொன்னது மறந்துவிட்டது, எரியட்டும் என்று விட்டுவிட்டேன். பல் விழுந்திருக்குமா என்று மட்டும் தினமும் நினைத்துக்கொள்வேன். விழுந்தால் முதலில் எனக்குத்தான் என்று சத்தியம் செய்தவள். இன்னும் விழவில்லை போல, கெட்டியான பல் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் ஒரு தடவை, “பசங்க இன்னா பண்றாங்க?” என்று கேட்டேன். “கீழ வெளாடிக்கினு இருக்காங்க” என்றான். சரி, நல்லா இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

காலாண்டுப் பரீட்சை லீவு வரப்போகிறது என்று தெரிந்ததும் கட்டிலுக்குப் புதுப் பாய் வாங்கினேன். அப்பளம் வாங்கினேன். மகன் அந்த ஞாயிறு கூப்பிட்டு, “லீவுக்குத் தாத்தா வூட்டுக்குப் போலாமான்னு கேட்டேம்பா. ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்க. இன்னான்னு தெரியல” என்றான்.

“அவங்களுக்கு அங்கியே நல்லா இருக்கும்” என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அழுதேன். மனைவி போனபோதுகூட நாலு பேர் இருந்தார்கள் என்று அடக்கிக்கொண்டவன் நான்.

லீவின் கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டி மூன்று தடவை அடுத்தடுத்துக் கூப்பிட்டது. அடைக்க அடைக்கக் கூப்பிட்டது. என்னிடம் இருந்த கோபம் அத்தனைக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது. மறுநாள் வயலுக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடை. புருஷன் வெளியே பெட்டிகள் மாட்டப் போவார், கடையில் உட்கார்ந்து பற்ற வைப்பதெல்லாம் அந்த அம்மாதான். பெட்டியைப் பிரித்து, சிம்மை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். வேறு சிம் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் ஆனது.

“ஒண்ணும் இல்லீங்க பெரியவரே. பெட்டி நல்லாத்தான் கீது.”

“இன்னாம்மா நல்லா கீது? சாயங்காலம் ஆனா பொய்யிப் பொய்யா போன் பண்ணுது. நான் இன்னா பொய்யா சொல்றேன்?”

என் ஹாரனுக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். மோட்டார்.

பெட்டி என் கண்ணெதிரே வயிறு பிளந்து கிடக்கிறது. சிம் கண்ணாடிமேல் இருக்கிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கடிகாரத்தில் மணி ஆறு.

“எடுங்க” என்றார் அந்த அம்மா. அவர் முகமும் மாறியிருந்தது.

பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன்.

“வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது.”

நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன குறும்பு அதில் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது.  என் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“அண்ணா! எடுத்துட்டாரு! தாத்தா எடுத்துட்டாரு!”

பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். “தாத்தா, கோவம் பூடுச்சா?” என்றான். அப்புறம் அவனே சொன்னான். நான் உரம் வாங்கப் போன மத்தியானம், மோட்டார் கருகுவதற்கு முன்னாலேயே நம்பரை ஏற்றிவிட்டான். தமாஷுக்கு அதற்கும் ‘மோட்டார்’ என்றே பெயர் வைத்தான். தாத்தா எடுப்பார், தங்கச்சி மோட்டார் அக்கா மாதிரி பேசுவாள், அவர் ஏமாந்து வயலுக்கு ஓடுவார் என்று திட்டம். பெயர் வரிசையில் மோட்டார் இரண்டு தடவை இருந்தது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை.

“தினமும் பண்ணோம் தாத்தா. நீ கட் பண்ணிக்கினே இருந்த. இன்னும் கோவமா கீறாருன்னு நெனச்சோம். அப்பாகிட்ட சொன்னா மோட்டார் மேட்டர் தெரிஞ்சிடும்ல, நீதான சொல்ல வேணாம்னு சொன்ன.”

“பாப்பாகிட்ட குடு” என்றேன். 

“தாத்தா, பல்லு வுழுந்துடிச்சு” என்றாள்.

“எப்பம்மா?”

“ஸ்கூல் தொறந்த அன்னிக்கே. மொதல்ல உனக்குத்தான் பண்ணேன். நீ எடுக்கல. பென்சில் டப்பால வச்சினு கீறேன். ஆனா…” குரலைத் தாழ்த்தினாள். “கூர மேல போடாமலே புதுசு மொளைச்சிடிச்சு தாத்தா. நேராத்தான் மொளைச்சிருக்கு. பரவால்லயா?”

பரவாயில்லை என்றேன். வாங்க, நாளைக்கே வாங்க, சாணி எடுத்து வைக்கிறேன் என்றேன்.

“நாளைக்கு ஸ்கூலு தாத்தா. லீவு முடிஞ்சிடிச்சு.”

அந்த அம்மா ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார், உட்கார்ந்தேன். பெட்டியை மூடி ஒவ்வொரு திருகாக முடுக்கி என் பையில் வைத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வேண்டுமானால் அந்தப் பெயரை மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். பிள்ளைகள் வைத்த பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு டியூஷன், பரீட்சை என்று வந்துவிட்டது. எப்போதாவதுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இப்போது மோட்டார் எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறேன். அநேகமாக அந்த அக்காதான் பேசுகிறது. வணக்கம், மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது. கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறேன்.